இராஜாங்கத்தின் இரண்டு கைகள்

புங்கஞ்சேரி,
12.11.2003

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது.

நான் இருக்கிறேன். உன் அண்ணி வனஜா இருக்கிறாள். பேத்தி யாழினி பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே குளிர் எப்படி? காதுக்குத் துணி கட்டிக்கொண்டுதானே வெளியே போகிறாய்?

மீரா உசேன் பாயின் டெலிபோன் பூத்திலிருந்து நான் பேசியபோது, உன் அண்ணன் செத்துப்போனான் என்பதற்குமேல் என் வாயில் ஒன்றும் வரவில்லை. வெளியே பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "எப்படிம்மா, எப்படிம்மா" என்று நீ கத்தியது இன்னும் கேட்கிறது. எப்படி என்று எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அணை திறந்து மூன்று வாரமாகியும் நம் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நாற்றங்காலில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. தலைமடை இராஜாங்கம் வாய்க்காலுக்குக் குறுக்கே மண்ணைப் போட்டு அடைத்து, முழுத் தண்ணீரையும் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டான். ஞாயிறும் திங்களும் நம் முறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் அண்ணன் புகழேந்தி நம் தெரு ஆட்களோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான், அடைப்பை வெட்டிவிட. நான் பின்னாலேயே டீத் தூக்கோடு போனேன்.

நான் கரை ஏறும்போதே அடிதடி ஆரம்பித்துவிட்டது. நம் பக்கம் ஒன்பது பேர், அவன் பக்கம் பன்னிரண்டு. கழி, கல், மண்வெட்டி எல்லாம் விளையாடியது. வாய்க்காலில் தொடை வரைக்கும் சேறு. விழுந்து எழுந்து எல்லாரும் ஒரே நிறம். உன் அண்ணனும் இராஜாங்கமும் ஒருவரை ஒருவர் கட்டிப் புரண்டார்கள். அப்புறம் ஒரு மண்வெட்டி இறங்கியது. பரங்கிக்காயில் அரிவாள் இறங்குகிற சத்தம். சேற்றில் ரத்தம் சிவப்பாக இருக்காது கயலு. கறுப்பாக, விளக்கெண்ணெய் மாதிரி மிதந்தது.

போலீசில் கேட்டார்கள், யார் வெட்டினது என்று. இராஜாங்கம் என்றேன்.

"கண்ணால பாத்தியாம்மா?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேன் சார்."

நீ வராதே. மண்ணைப் போட்டு மூடியாகிவிட்டது. வந்து எதைப் பார்க்கப் போகிறாய்? அவன் தூக்கில் தொங்குகிற அன்றைக்கு வா. சேர்ந்து பார்க்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா
அம்சவல்லி

*

ஜெர்மனி,
28.11.2003

அன்புள்ள அம்மா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அண்ணி சாப்பிடுகிறாளா? யாழினி அப்பாவைக் கேட்கிறாளா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கடிதம் வந்து நான்கு நாளாயிற்று. இங்கே எங்கள் ஆய்வக அறையில் விளக்கே போடக் கூடாது. இருட்டில் லேசரும் நுண்ணோக்கியும் மட்டும்தான். அங்கே உட்கார்ந்து அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி. அந்தச் சத்தத்தை ஏன் அம்மா எழுதினாய்? நேற்று உணவு விடுதியில் ஒருவன் பூசணிக்காய் வெட்டினான். தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அவன் தூக்கில் தொங்க வேண்டும். கயிற்றை நானே இழுக்கிறேன்.

செல்லதுரை மாமாவைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லையே. அவர் எங்கே இருந்தார்? அண்ணன் மண்வெட்டி எடுத்தால் மாமாவும் எடுப்பார். வரப்பு வெட்டும் வரிசையில் நொட்டாங்கை என்று அவரை எப்போதும் ஓரத்தில்தான் நிறுத்துவார்கள், மண்வெட்டி பக்கத்து ஆள்மேல் படும் என்று. அண்ணன் ஒருத்தன்தான் பயப்படாமல் அவர் பக்கத்தில் நின்று வெட்டுவான். சோற்றையும் அந்த இடது கையாலேயே அள்ளி ஆயாவிடம் அடி வாங்குவாரே, அதை அண்ணன் நடித்துக்காட்டுவான். சைக்கிளில் என்னை வைத்துத் திருப்பனந்தாள் பள்ளிக்கு ஏழு வருஷம் மிதித்தவர். தஞ்சாவூர் விடுதிக்கு என் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வந்தவர். உன் தம்பியாவது உனக்கு இருக்கிறாரே அம்மா, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். எனக்கு எழுதச் சொல்.

உன்,
கயல்விழி

*

புங்கஞ்சேரி,
30.12.2003

அன்பு மகளுக்கு அம்மா.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். யாழினி கேட்டால், அப்பா கும்பகோணத்துக்கு மாமாங்க வேலைக்குப் போயிருக்கிறார் என்று வனஜா சொல்கிறாள். எனக்கு அந்தப் பொய் பிடிக்கவில்லை. செத்துப்போனான் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்க அழுதாள். அப்புறம் சாப்பிட்டாள்.

இராஜாங்கத்தைத் திருச்சி ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். முப்பதாம் நாள் அன்று நம் பையன்கள் போய் அவனுடைய மூன்று வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள். நம் வாசல் வரைக்கும் அனல் அடித்தது. நான் தடுக்கவில்லை. மறுநாள் நம் பசு வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. சினைப் பசு.

போன வாரம் மருதையன் வந்தான், சமாதானம் பேச. இராஜாங்கத்தின் பங்காளி.

"போனது போயிடுச்சு. நீ பாக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லு. தலைமடையில உங்களுக்கு வாரத்துல நாலு நாள் தண்ணி. எழுதியே தர்றோம். உங்க தெருவே பொழைக்கும்."

"இந்தத் தண்ணியத்தான அன்னிக்குக் கேட்டான்?" என்றேன். அவன் சிரித்தான். ஏன் சிரித்தான் என்று தெரியவில்லை. உலக்கை கைக்கு எட்டியது. மணிக்கட்டில் போட்டேன். கத்திக்கொண்டே ஓடினான், செருப்பை விட்டுவிட்டு. செருப்பு இன்னும் இங்கேதான் கிடக்கிறது.

இப்போது ஒரு காரியம். நம் வக்கீல் ஜெக்கரியா சொல்கிறார்: "எதிர்த்தரப்பு ஒண்ணே ஒண்ணுதாம்மா கேப்பாங்க. எல்லாரும் சேத்துல முங்கி எந்திரிச்சவன். ரெண்டு பேரு கட்டிப் பொரள்றான். இருபது கெஜம் தள்ளி நின்ன உங்களுக்கு எது யாரு கைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பெத்த புள்ளைய எனக்குத் தெரியாதா?"

"அது கோர்ட்டுல செல்லாதும்மா."

கயலு, கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கிற வேலை உனக்கு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கிறதைப் பிரித்துப் பார்க்க அங்கே என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. ஐந்தாவது படித்தவளுக்குப் புரியாது என்று நினைக்காதே. என் சாட்சி நிற்க வேண்டும். அவன் தொங்க வேண்டும்.

அம்மா

*

ஜெர்மனி,
25.1.2004

அன்புள்ள அம்மா,

சுகமாக இரு. தனியாக எங்கேயும் போகாதே. கதவைத் தாழ் போட்டுப் படு. பசுவைப் பற்றிப் படித்தபோது பல்லைக் கடித்ததில் தாடை இரண்டு நாள் வலித்தது. மணிக்கட்டைப் பற்றிப் படித்தபோது சிரித்தேன்.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். மூலக்கூறு என்பது ஒரு பொருளின் கடைசித் துணுக்கு. ஒரு உமியின் கனத்துக்குள் இலட்சம் துணுக்கை அடுக்கலாம். அதில் ஒரு சாயத்தை ஒட்டி லேசரைப் பாய்ச்சினால் மினுக்கும். ஆனால் துணுக்கு துணுக்காகத் தெரியாது. அதைப்போல இருநூறு முந்நூறு மடங்கு பெரிய திட்டாகத் தெரியும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் இரண்டு திட்டும் கலந்து ஒன்றாகிவிடும். எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் பிரியாது. அது கண்ணாடியின் குறை இல்லை அம்மா, ஒளியின் குணம் அப்படி. உன் சேறு மாதிரிதான்.

அதனால் நாங்கள் படம் எடுத்துக்கொண்டே காத்திருக்கிறோம். ஒரு நொடிக்குப் பத்துப் படம். லேசர் பட்டுப் பட்டுச் சாயம் கருகும். நாங்கள் பார்ப்பதே அதைக் கொல்லும். மங்கி மங்கிச் சாகாது. ஒரே அடியில் சட்டென்று அணையும். இரண்டு இருந்தால் முதலில் ஒன்று சாகும். மிச்சம் தனியாக நிற்கும். தனியாக நிற்பதன் நடுமையத்தைத் துல்லியமாகக் குறிக்க முடியும். பிறகு படங்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஓட்டுவோம். இரண்டும் சேர்ந்திருந்த படத்திலிருந்து மிச்சத்தைக் கழித்தால், செத்தது எங்கே இருந்தது என்று கிடைத்துவிடும்.



நீயும் அப்படிச் செய். முன்னாலிருந்து நினைக்காதே. எல்லாம் முடிந்து அடங்கிய பிறகு யார் எங்கே நின்றார்கள், அங்கிருந்து தொடங்கு. ஒவ்வொருவராகப் பின்னால் போ. பெயரை முதலில் வைக்காதே. கை எங்கே, கால் எங்கே, அதை மட்டும் பார். பெயரை முதலில் வைத்துவிட்டால் கண் அந்தப் பெயருக்குத் தகுந்ததைத்தான் காட்டும். இந்தத் தப்புக்காக எங்கள் பேராசிரியர் என்னைப் பத்துப் பேர் முன்னால் திட்டியிருக்கிறார். அப்படிப் பார்த்துச் சொன்னால் எந்த வக்கீலும் உன்னை அசைக்க முடியாது. இராஜாங்கம் தப்ப முடியாது.

மாமா ஏன் எழுதவில்லை? எழுத்துக்கூட்டியாவது நான்கு வரி எழுதுவாரே. அடிபட்டுக் கிடக்கிறாரா? மறைக்காதே.

கயல்விழி

*

புங்கஞ்சேரி,
20.2.2004

கயல்விழிக்கு அம்மா.

எல்லாரும் சௌக்கியம். யாழினிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது.

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். பார்த்தாலே சாகிற பொருளை எதற்கு அத்தை பார்க்கிறீர்கள் என்று யாழினி கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவள் கேட்டாள்.

அடுப்படியில் இருபத்தொரு புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு கொட்டை. நீ சொன்ன மாதிரி கடைசியிலிருந்து. உன் அண்ணன் குப்புறக் கிடக்கிறான். இராஜாங்கம் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து தன் ரெண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இது எனக்கு இத்தனை நாள் ஞாபகத்துக்கே வரவில்லை. ஏன் கையைப் பார்க்கிறான்? மருதையன் தள்ளி வரப்பில், கழி ரெண்டாக உடைந்து கையில். மேல்கரையில் ஐந்து பேர் கல் வைத்திருந்தார்கள். இப்படி ஒவ்வொன்றாக நகர்த்தினேன். மூன்று நாள் ஆயிற்று. உலை வைத்தால் கஞ்சி அடிபிடிக்கும், வனஜா திட்டுவாள்.

மண்வெட்டி இறங்குகிற இடத்துக்கு வந்தேன். இராஜாங்கத்தின் கையைத் தேடினேன். ரெண்டு கையும் உன் அண்ணன் கழுத்தில் இருந்தது. சேற்றுக்குள் அமுக்கிக்கொண்டிருந்தான். மண்வெட்டி தலைக்கு மேலே போனபோதும் அந்த ரெண்டு கையும் கழுத்தில். இறங்கினபோதும் கழுத்தில். முன்னால் ஓட்டினாலும் பின்னால் ஓட்டினாலும் அந்த ரெண்டு கை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மனுஷனுக்கு மூன்றாவது கை ஏது?

மண்வெட்டி நம் கரைப் பக்கமிருந்து வந்தது. எல்லாரும் ஓங்குகிற மாதிரி இல்லை. இடது தோளுக்கு மேலே போய் இறங்கியது.

இருபது கொட்டைக்குப் பேர் வைத்தாகிவிட்டது. ஒன்று மிச்சம். கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உலை பொங்குகிறது. நிறுத்துகிறேன்.

அம்மா

*

ஜெர்மனி,
2.5.2004

அன்புள்ள அம்மா,

நலம்தானே? பதில் எழுத இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை அதிகம். இங்கே பனி போய் மரமெல்லாம் பூத்திருக்கிறது. யாழினிக்குப் பல் முளைத்ததா? அண்ணியை நன்றாகச் சாப்பிடச் சொல்.

போன தடவை நான் ஒன்றை எழுத மறந்துவிட்டேன். எல்லாப் புள்ளியையும் நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம். வெளிச்சம் போதாதது, ஒரே ஒரு படத்தில் மட்டும் வந்து போனது, இதையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவோம். எல்லாரும் செய்வதுதான். அது ஏமாற்று வேலை இல்லை.

அன்றைக்கு அந்தி நேரம். நீ பதறிப்போயிருந்தாய். இருபது கெஜம் தூரம். அந்த மிச்சக் கொட்டையைக் குப்பையில் போட்டுவிடு. போலீசில் சொன்னதையே கோர்ட்டிலும் சொல். மருதையன் ஆட்கள் மிரட்டினால் உடனே ஸ்டேஷனுக்குப் போ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கயல்விழி

*

புங்கஞ்சேரி,
24.5.2004

கயல்விழிக்கு அம்மா.

நான் சுகம்தான். முழங்காலில் மட்டும் காயம். எப்படி என்று கீழே வரும்.

முதல் கடுதாசியில் மாமா எங்கே என்று கேட்டாய். அடுத்ததில் மாமா ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். இதில் மாமா என்கிற வார்த்தையே இல்லை. ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அப்போது தெரிந்துகொண்டேன், உனக்கும் தெரிந்துவிட்டது என்று.

நான் மறைத்தேனா என்று கேட்டால் என்ன சொல்வது? அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து செல்லதுரையைக் காணோம். பிணத்தைத் தூக்கக்கூட வரவில்லை. பயந்து ஓடிவிட்டான் என்று தெருவில் பேசினார்கள். நானும் தலையை ஆட்டினேன். கண் பார்த்துவிட்டது, நெஞ்சு வாங்கிக்கொள்ளவில்லை. உன் கேள்விக்கு ஒரு தடவையாவது பதில் எழுதினேனா, யோசித்துப் பார்.

பூம்புகாரில் படகுக்கு ஐஸ் உடைக்கிறான் என்று மீரா உசேன் பாய் கேள்விப்பட்டுச் சொன்னார். பஸ் ஏறிப் போனேன். நல்ல வெயில். மணலில் உட்கார்ந்து ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். தாடி தொங்கியது. தலை தூக்கிப் பார்த்து, "வா அக்கா" என்றான். தினமும் என்னை எதிர்பார்த்தவன் மாதிரி.

"எந்தக் கைடா?" என்றேன்.

இடது கையை நீட்டினான். படகுக்கு அண்டை கொடுக்கிற கட்டை கிடந்தது. எடுத்துப் போட்டேன். முதல் அடியில் வீங்கியது. ரெண்டாவதில் உடைந்தது. அந்தச் சத்தத்தை உனக்கு எழுத மாட்டேன். மீன்காரர்கள் ஓடி வந்தார்கள்.

"ஏம்மா, யாரு நீ? ஆளைக் கொல்றியே!"

"என் தம்பி. ஒதுங்குங்க."

"தம்பியா இருந்தா அடிச்சே கொன்னுடுவியா?"

"விடுங்கண்ணே, அக்கா அடிக்கட்டும்" என்றான் இவன். அவர்கள் என்னைப் பிடித்துத் தள்ளியதில்தான் முழங்கால் பெயர்ந்தது.

அப்புறம் சொன்னான். "புகழு உள்ள முங்கிட்டிருந்தாங்க்கா. கொமுழி வந்துச்சு. கொமுழியும் நின்னுபோச்சு. மேல கெடந்தவன் முதுகைப் பாத்துத்தான் ஓங்குனேன். எறங்கறதுக்குள்ள பொரண்டுட்டாங்க. எல்லாம் ஒரே சேறு. எது யாருன்னு வெட்டுன அப்புறந்தான் தெரிஞ்சுது."

"எப்படித் தெரிஞ்சுது?"

"மாமான்னான்."

அது எனக்குத் தெரியாது கயலு. இருபது கெஜத்தில் எனக்குக் கேட்கவில்லை.

நாலு தடவை கடலுக்குள் நடந்து போனானாம். கழுத்து மட்டம் வந்ததும் நீச்சல் தன்னால் வந்துவிடுகிறதாம். "வெக்கங்கெட்ட ஒடம்பு" என்றான். "சாவறது கெடக்கட்டும். கோர்ட்டுக்கு வா" என்றேன். "வர்றேன்" என்றான். கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கூட்டி வந்துவிட்டேன். கொல்லையில் படுத்திருக்கிறான். வனஜா சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வருகிறாள். அவளுக்கும் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் மாஜிஸ்திரேட்டிடம் போகிறோம்.

அம்மா

*

ஜெர்மனி,
12.6.2004

அம்மா,

நலம் விசாரிக்க மனசு இல்லை.

நான் அந்தப் படிப்பை உனக்கு எழுதியது இராஜாங்கத்தைத் தூக்கில் போட. மாமாவைப் பிடித்துக் கொடுக்க இல்லை. அன்றைக்கே கையை வெட்டிக்கொண்டிருக்கலாம். உன் கடிதத்தைப் படித்த அன்று ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தகட்டை உள்ளங்கையில் வைத்து இறுக்கினேன். நாலு தையல். தற்செயல் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

நீயே எழுதியிருக்கிறாய், இரண்டு கையும் கழுத்தில் இருந்தது என்று. மாமா சொல்கிறார், குமிழியும் நின்றுபோனது என்று. பிறகு என்ன வேண்டும்? அடைத்தவன் அவன். அமுக்கியவன் அவன். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அந்தக் கையாலேயே அண்ணன் செத்திருப்பான். பசுவுக்கு விஷம் வைத்தவர்களுக்கு நீ எதற்கு நியாயம் பார்க்கிறாய்? அவர்கள் என்றைக்காவது நமக்குப் பார்த்திருக்கிறார்களா? மாமா உள்ளே போவார், அவன் வெளியே வந்து மீசையை முறுக்கிக்கொண்டு நம் தெரு வழியாகப் போவான். யாழினி அதைப் பார்த்து வளர வேண்டுமா?

நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வேறு யாருக்கும் தெரியாது.

ஏழு வருஷம் அம்மா. மழையில் என்மேல் சாக்கைப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டு மிதித்தார்.

மாமா பெயரை நீ அங்கே சொன்னால், அதற்குப் பிறகு எனக்கு எழுதாதே.

கயல்விழி

*

புங்கஞ்சேரி,
25.7.2004

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது.

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உள்ளங்கைத் தையல் பிரித்தாயிற்றா? மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் போடு, தழும்பு அமுங்கும். அங்கே கிடைக்காவிட்டால் அனுப்புகிறேன்.

சொல்லிவிட்டேன்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண்பிள்ளை. உன்னைவிட ரெண்டு மூன்று வயசு கூட இருக்கும். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் உட்காரவைத்துக் கேட்டது.

"போலீஸ்ல வேற மாதிரி சொல்லியிருக்கீங்களேம்மா?"

"அப்ப முன்னாலேருந்து பாத்தேங்க. இப்ப பின்னாலேருந்து பாத்தேன்."

"இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா?"

"என் மகதான். ஜெர்மனியில இதே வேலைதான் பாக்குறா. கண்ணுக்குத் தெரியாததைப் புட்டுப் புட்டு வைப்பா." இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. நீ திட்டு.

இருபத்தொரு பேரையும் சொன்னேன். யார் கையில் என்ன இருந்தது, யார் யாரை அடித்தது. நம் ஆட்கள் அடித்ததையும் சொன்னேன். இராஜாங்கத்தின் ரெண்டு கையை எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்புறம் என் தம்பி செல்லதுரை என்றேன். பேனா கொஞ்சம் நின்றது. நான் அவன் கையை உடைத்ததையும் எழுதிக்கங்க என்றேன். அது வேண்டாம்மா என்றது. வேண்டும் என்றேன்.

செல்லதுரை வெளியே பெஞ்சில் காத்திருந்தான். ஜெக்கரியா வக்கீல் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது என் காலைத் தொட வந்தான். காலை இழுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊர் திரும்பிய அன்றைக்கே நம் தெருக்காரர்கள் வீட்டுமேல் கல் விட்டார்கள். தலைமடைக்காரன் இல்லை, நம் ஆட்கள். எதிரியைக் காப்பாற்றியவள் என்று. ஒரு கல் வனஜா நெற்றியைக் கிழித்தது. ரத்தம் வழிய வழிய அவள் வாசலில் போய் நின்று, "என் புருஷன்தாண்டா செத்தான், உங்க புருஷனா?" என்று கத்தினாள். அதுவரைக்கும் அவள் என் பக்கமா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் இராஜாங்கத்தின் பெண்டாட்டி தட்டில் பழத்தோடு வந்தாள். இத்தனை வருஷத்தில் நம் தெருவில் கால் வைக்காதவள்.

"அம்சவல்லி, என் தாலியக் காப்பாத்திட்டே."

தட்டை அவள் மூஞ்சியிலேயே வீசினேன். "போடி. ரெண்டு கையும் கழுத்துல இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். கொலை பண்ணப் பாத்ததுக்கு அவனும் கிடப்பான். உன் தாலி உன் கழுத்துல இருக்குன்னு மட்டும் நெனச்சுக்க." மூக்கில் ரத்தம் வந்தது அவளுக்கு. யாழினி பழத்தை எல்லாம் பொறுக்கி வாய்க்காலில் போட்டுவிட்டு வந்தாள். நான் சொல்லவில்லை.

நீ கேட்டாய், எதற்கு நியாயம் பார்க்கிறாய் என்று. அவனுக்கு இல்லை. புகழேந்தி கடைசியாகக் கூப்பிட்டது மாமாவை. இராஜாங்கம் வெட்டினான் என்று எழுதிவிட்டால் அந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவனுடைய கடைசி நிமிஷமே பொய்யாகிவிடும். என் பிள்ளை செத்த விதம் எனக்கு உள்ளபடி வேண்டும். வேறு காரணம் எனக்குத் தெரியாது.

ஜெயில் விலாசம் தனித் தாளில் இருக்கிறது. மேலே கைதி செல்லதுரை என்று எழுத வேண்டுமாம். எனக்கு எழுதாவிட்டால் போகிறது. அவனுக்கு எழுது. பெரிசு பெரிசாக எழுது, எழுத்துக்கூட்டிப் படிப்பான்.

உன் அம்மா
அம்சவல்லி

*

ஜெர்மனி,
15.8.2004

மாமாவுக்கு,

கயல்விழி. நான் நன்றாக இருக்கிறேன்.

பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாள் அம்மா. அதனால் கொஞ்சம்தான் எழுத இடம் இருக்கிறது.

உங்களை மன்னிக்கவில்லை. அம்மாவையும் மன்னிக்கவில்லை. எட்டுத் தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எலும்பு கூடிவிட்டதா? கூடும் வரைக்கும் எந்தக் கையால் சாப்பிடுகிறீர்கள்?

பதில் போடுங்கள்.

கயலு